சரக்குக் கொட்டகையில் துண்டை எடுத்தவர்கள்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் விமானக் கம்பெனியின் சரக்குப் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். கெட்டிக்காரி. வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

"மேடம், இன்னைக்கு கவுன்ட்டர்ல ஒருத்தர் ஒரே சண்டை. லேபுக்கு வெள்ளெலி அனுப்பணுமாம். நம்ம ரூல்ல அந்த வரி இருக்குல்ல, அதைக் காட்டி முடியாதுன்னுட்டேன். யாரும்மா இதை எழுதுனது, காரணத்தைச் சொல்லுன்னு உக்காந்துட்டாரு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியல."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வசந்தா மேடம் எழுதுனது, அவங்களைப் போயி கேளுங்கன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி!" என்றேன்.

'ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கான உயிருள்ள விலங்குகளை ஏற்பதில்லை' என்ற அந்த வரியை நான் எழுதவில்லை. தலைமை அலுவலகத்தில் யாரோ எழுதினார்கள். ஆனால் அவர்களை எழுத வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குத் துளிகூடக் கூச்சம் கிடையாது. "ஒரு பத்தி எழுதி அனுப்புங்க மேடம், கவுன்ட்டர்ல ஒட்டிடுறேன்" என்றாள் நித்யா. ஒரு பத்தியில் அடங்குகிற சமாசாரமா இது? அவள் ஒட்டுகிறாளோ இல்லையோ, நான் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வலங்கைமான் பக்கம். அப்பா டிராக்டர் ஓட்டினார். கும்பகோணத்தில் பட்டம் படித்தேன், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். பயிற்சிக்கு மும்பைக்கு அனுப்பினார்கள். இந்தியும் புரியாமல் சாப்பாடும் பிடிக்காமல் அங்கே பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புத்தகம், அதனால் விட்டுவிடுகிறேன். சில ஊர்கள் மாறி, கடைசியில் நம் பக்கத்துக்கே மாற்றல் கிடைத்தது. தஞ்சாவூரில் வீடு. காலையில் ரயில் ஏறினால் பூதலூர் தாண்டி, இறங்கி, ஒரு பஸ் பிடித்தால் விமான நிலையம். ஓய்வு பெறும் வரை அதுதான் என் பாதை.

எங்கள் சரக்குக் கொட்டகைக்கு இரண்டு வாசல்கள். ஒன்று தெருவைப் பார்த்தது. வெளியூர் போகும் சரக்கெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். இன்னொன்று விமானம் நிற்கும் தளத்தைப் பார்த்தது. எடை போட்டு, சோதித்து, முத்திரை குத்தியதெல்லாம் அதன் வழியாக வெளியே போகும். வெற்றிலைக் கட்டு, நாகப்பட்டினத்து மீன், துணிப் பொட்டலம், இயந்திரச் சாமான் எல்லாவற்றுக்கும் அதே வழிதான். உயிருள்ளவற்றுக்கும் அதே வழிதான்.

உயிருள்ள சரக்கில் இரண்டு வகை உண்டு. மாற்றலாகிப் போகிறவர்கள் கூட எடுத்துப்போகும் நாயும் பூனையும் ஒரு வகை. அவற்றுக்குப் பச்சை லேபிள். அந்தப் பெட்டி வந்தால் கொட்டகையே கல்யாண வீடாகிவிடும். டாமி, ஜிம்மி என்று ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இன்னொரு வகை ஆய்வுக்கூடங்களுக்குப் போவது. முயல், வெள்ளெலி, சில சமயம் நாய்க்குட்டிகள். வளர்க்கிற பண்ணையிலேயே அடைத்து, மூச்சுத் துளைகளில் வடிகட்டி வைத்து, சிவப்பு லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது. பெட்டிக்கு மட்டும் எண் உண்டு.

எங்கள் மேனேஜர் சதாசிவம் சார். கும்பகோணத்துக்குக் கிழக்கே நிலபுலன் வைத்திருந்த குடும்பம். என் குடும்பம் அந்த மாதிரி நிலங்களில் நாற்றுப் பறித்த குடும்பம். என் தாத்தா அவர் தாத்தாவின் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் முயல் பெட்டிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்போம். காலம் இந்த அளவுக்காவது மாறியதே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

குந்தி உட்காருவது அவர் கொண்டுவந்த முறை. உயிருள்ள பெட்டி வந்தால் முதலில் காகிதத்தைத் தொடக் கூடாது. கைக்குட்டையை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, விலங்கின் கண் இருக்கும் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோவார். பேச மாட்டார், தட்ட மாட்டார், விசிலடிக்க மாட்டார். காதைத் துளைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருப்பார். மூச்சு ஒழுங்காகக் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பார். அப்புறம் வரிசையாகப் பார்ப்பார். நாலு பக்கமும் காற்றுத் துளை இருக்கிறதா, துளை வழியாக மூக்கோ காலோ வெளியே வருமா, தண்ணீர்க் கிண்ணத்தைப் பெட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்ப முடியுமா, அடியில் ஈரத்தை உறிஞ்ச எதாவது போட்டிருக்கிறதா, தூக்குகிறவன் கை படும் இடம் எது, எல்லாம் பார்ப்பார். மூச்சடைக்கும் வாயுவை விடும் உலர்பனி வைத்த மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க விடமாட்டார். சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்க விடமாட்டார். 'கடைசியா ஏத்து, முதல்ல இறக்கு' என்பது அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும். மூச்சு கேட்டால்தான் முத்திரை.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார். எது கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். லீவு கேட்டாலும் பார்ப்போம், இடமில்லாத விமானத்தில் இடம் கேட்டாலும் பார்ப்போம். கேட்டவர்கள் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். மறுநாள் வந்து நம் உயிரை எடுப்பார்கள்.

சிவப்பு லேபிள் பெட்டிகளைப் பற்றி ஒருமுறை அவரிடம் கேட்டேன். "சார், இவ்வளவு பாத்துப் பாத்து அனுப்புறோம். அங்க போயி இதுங்களுக்கு என்ன ஆகும்?"

"அங்க டெலிவரி கையெழுத்து ஆனதும் நம்ம பொறுப்பு முடிஞ்சுதும்மா."

"முடிஞ்சுதா சார்?"

"பார்ப்போம்" என்றார். எதைப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி கலியமூர்த்தி அண்ணன். அவர் சுமை ஏற்றி இறக்கும் குழுவின் மேஸ்திரி. குழுவில் எல்லாரும் ஒப்பந்த ஆட்கள். ஒப்பந்தக்காரர் கேட்டுக்கொண்டால்தான் அவர்களுக்கு வாசல் பாஸ் புதுப்பிக்கப்படும். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. அண்ணனுக்குப் பூதலூர் பக்கம் வீடு, கொஞ்சம் நிலம், நாலு தென்னை. எங்கள் ரயிலில்தான் வருவார். கொட்டகையில் என்னை மேடம் என்பார், ரயிலில் தங்கச்சி என்பார். அவர் ஊரில் குரங்குத் தொல்லை. உளுந்துச் செடியைப் பிடுங்கிப் போடும், குரும்பையைப் பறித்து வீசும். காலையில் ரயிலேறியதும் அன்றைக்குக் குரங்குகள் செய்த அட்டூழியத்தைச் சொல்லித் திட்டித் தீர்ப்பார். அந்த வசவை இங்கே எழுத முடியாது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அங்கே யாராவது இறந்துபோனால் எங்கள் கொட்டகைக்குத்தான் சவப்பெட்டி வரும். பெட்டி விமானத்திலிருந்து இறங்கியதும் கலியமூர்த்தி அண்ணன் தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார். குழுவில் எல்லாரும் அப்படியே செய்வார்கள். பெட்டி தெருவாசல் தாண்டி ஆம்புலன்ஸில் ஏறும் வரை வேறு எந்தச் சரக்கையும் தொட மாட்டார்கள். தெருவில் சாவு கிடக்கும்போது யார் வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லையே, அந்த மாதிரிதான். இது எந்த விதியிலும் இல்லை. எந்த மேனேஜரும் இதைத் தடுத்ததும் இல்லை. விமானம் கொஞ்சம் தாமதமானால் ஆகட்டும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். கிழக்கே ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த எங்கள் விமானம் பழுதாகி நின்றுவிட்டது. பயணிகளை இறக்கிக் குளுகுளு அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். அடிவயிற்றுச் சரக்கறையில் மரப்பெட்டிகளில் குரங்குகள் இருந்தன. எங்கள் ஊருக்கு வருகிறவை அல்ல. வேறு ஒரு தேசத்து ஆய்வுக்கூடத்துக்கு எங்கள் ஊரைத் தாண்டிப் போகிறவை. நின்ற விமானத்தில் சரக்கறை அடுப்பாகிவிடும் என்பதால் சதாசிவம் சார் உடனே இறக்கச் சொல்லிவிட்டார்.

பெட்டிகள் கொட்டகைக்கு வந்தன. கம்பி வலைக்குப் பின்னால் நீள வால் குரங்குகள். ஒன்றுகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குரங்கு கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை. சார் ஒவ்வொரு பெட்டிக்கும் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போனார். கலியமூர்த்தி அண்ணன் புனல் வைத்து வெளியிலிருந்தே கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினார். மின்விசிறிகளை எல்லாம் பெட்டிகளின் பக்கம் திருப்பி வைத்தோம். காலையில்தான் அவர் ஊர்க் குரங்குகளை அவ்வளவு திட்டியிருந்தார். "குடி, குடி. இங்க உளுந்தெல்லாம் கிடையாது. தண்ணியக் குடி" என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு பெட்டியின் முன்னால் சார் எழுந்திருக்கவே இல்லை. காதை இந்தத் துளையில் வைத்தார், அந்தத் துளையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒரு குட்டி. உள்ளே இருந்த தாய் அதைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

கலியமூர்த்தி அண்ணன் புனலைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்தார். குழுவில் இருந்த எல்லாரும் அவிழ்த்தார்கள். கொட்டகையில் வேலை நின்றது.

செத்த விலங்குக்கு ஒரு நடைமுறை உண்டு. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, சான்று எழுதி, உறையில் போட்டு எடுத்துப்போய் எரிக்க வேண்டும். நோய் பரவக் கூடாது என்பதற்காக. அது சரியான விதிதான். மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வேறு எங்கோ இருந்தார், வருவதற்கு நேரமானது. அதற்குள் விமானத்தைச் சரிசெய்துவிட்டார்கள். தளத்திலிருந்து போனுக்கு மேல் போன். விமான நிலையத்தில் எங்கள் கம்பெனிக்கே பொறுப்பான ஸ்டேஷன் அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"மூர்த்தி, என்னய்யா இது? ஒரு குரங்குக்குப் போயி! ஏத்துங்கய்யா மத்ததை!"

"சாவு உள்ள கெடக்கு சார். வெளிய போவட்டும், ஏத்திடுறோம்."

"அது மனுஷனாய்யா?"

"செத்ததுதானே சார்" என்றார் அண்ணன். குரலை உயர்த்தவே இல்லை.

மருத்துவர் வந்தார். தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தெடுத்தபோதுதான் அந்தத் தாய் முதல் முறையாகக் கத்தியது. அந்தச் சத்தத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை, மறக்க ஆசைப்படவும் இல்லை. குட்டி தெருவாசல் வழியாகப் போனது. வண்டி கிளம்பும் வரை அவர்கள் நின்றார்கள். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு, மீதிப் பெட்டிகள் எல்லாவற்றையும் அலுங்காமல் குலுங்காமல் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். தாய்க்குரங்கு இருந்த பெட்டியையும்தான். விமானம் போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திரும்பும் ரயிலில் அடக்க முடியவில்லை.

"செத்ததுக்கு அவ்வளவு நேரம் நின்னீங்களே அண்ணே. உசுரோட இருந்ததை எல்லாம் ஏத்தி அனுப்பிட்டீங்களே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடைப் பயிர் அங்கங்கே பச்சையாக இருந்தது.

"சாவுக்கு நிக்கத்தான் தங்கச்சி எங்களுக்குத் தெரியும். உசுருக்கு எப்புடி நிக்கிறதுன்னு ஆபீசருங்கதான் சொல்லணும். நீங்க சொன்னீங்களா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். அன்று இரவு சமைக்கத் தோன்றவில்லை. மறுநாள் ரயிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, "அண்ணே, சொல்றேன்" என்றேன். எங்கள் இயக்கம் தொடங்கியது அந்த ரயில் பெட்டியில்தான். கொடி கிடையாது, பேர் கிடையாது. டீ மட்டும் உண்டு.

விமானம் தாமதமானால் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். ஸ்டேஷன் அதிகாரி 'ஆள் பற்றாக்குறை' என்று எழுதச் சொன்னார். சதாசிவம் சார் "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, 'சரக்கில் ஒரு விலங்கு இறந்தது, அதற்காக ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டார். நான் அதோடு சேர்த்து ஒரு வேண்டுகோளும் அனுப்பினேன். கசியும் பீப்பாயை மறுக்கிறோம், நாற்றமடிக்கும் மூட்டையை மறுக்கிறோம். எதை ஏற்றுவது என்று தீர்மானிக்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆய்வுக்கூட விலங்குகளையும் மறுப்போம் என்று எழுதினேன். கலியமூர்த்தி அண்ணன் குழுவும் கவுன்ட்டர் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். குரங்கு எங்கள் பகுதி மக்களின் மத நம்பிக்கையோடு சம்பந்தப்பட்டது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்களாம். அதனால் எங்கள் நிலையத்தில் மட்டும், குரங்குகளை மட்டும், இனி கையாள வேண்டாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். ஸ்டேஷன் அதிகாரி லட்டு வாங்கிவந்தார். ஜெயித்துவிட்டீர்களே, வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் சபலம் தட்டியது. கிடைத்தவரைக்கும் லாபம்தானே. ரயிலில் பதிலைப் படித்துக் காட்டினேன். கலியமூர்த்தி அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆஞ்சநேயருக்காகத் துண்டை எடுத்தேன்னு நினைச்சுட்டாங்களா? எங்க ஊர்ல வந்து பாக்கச் சொல்லு, நான் ஆஞ்சநேயரை எறிஞ்ச கல்லை." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "சவப்பெட்டி வருதே, உள்ள இருக்கிறவன் எந்தச் சாமி கும்புட்டான்னு கேட்டா துண்டை எடுக்குறோம்? மொசலு செத்தாலும் சாவுதான். இந்தச் சலுகை நமக்கு வேணாம் தங்கச்சி. வாங்குனா, மொசலு பெட்டிய ஏத்தும்போது என்னால ஏத்த முடியாது, ஏத்த மாட்டேன்னு சொல்லவும் முடியாது."

லட்டைத் தின்றோம், சலுகையைத் திருப்பி அனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. "இந்தச் செவப்பு லேபிள் பெட்டியில போறது எதுவும் திரும்பி வராதுன்னு நீதானே சொல்ற?" என்று கேட்டார். "வராது அண்ணே" என்றேன். "அப்ப அங்க போயி சாவுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அங்க நிக்கிறதுக்கு யாரு இருக்கா? இங்கயே நின்னுடுவோம்."

அடுத்த முறை முயல் பெட்டிகள் வந்தபோது அதைச் செய்தார்கள். பெட்டிகளை விமானத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஏற்றுவதற்கு முன்னால் எல்லாரும் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். கோஷம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏற்றினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பயணிகள் பார்த்தார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து விமானப் பணிப்பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள். அவள் தலைமை விமானியைக் கேட்டாள். அவர் இறங்கிவந்து என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மேலே ஏறிப் போனார்.

நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசவும் செய்தோம். ரயிலிலேயே கையெழுத்து வாங்கினேன். விவசாயிகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "எங்க ஊருக் கொரங்கையும் சேர்த்துப் பிளேன்ல ஏத்திடு தாயி, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று ஒருவர் சொல்ல, ரயில் பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்தத் தாய் கத்தியதைச் சொன்னேன். அப்படிச் சொன்னவரே முதலில் கையெழுத்துப் போட்டார். "வெரட்டுறது வேற, இது வேற" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

எல்லாரும் அப்படி இல்லை. தஞ்சாவூரில் மருந்தியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். நல்ல மனிதர், நேராகவே கேட்டார்: "நீங்க போடுற சர்க்கரை மாத்திரை எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? எல்லாரும் உங்களை மாதிரி மறுத்துட்டா மருந்துக்கு எங்க போறது?" அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. அது லேசான கேள்வி இல்லை. "மாத்திரையைப் போடுறேன் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு நீங்க பார்த்ததில்ல, நான் பார்த்திருக்கேன். வேற வழி தேடுங்கன்னு உங்களைக் கேக்குறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. இந்த வழி சுலபமா இருக்கிற வரைக்கும் நீங்க தேட மாட்டீங்க" என்றேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பிறகு நெருக்கடி வந்தது. துண்டை எடுத்து நிற்கும் படத்தை யாரோ பயணி கைபேசியில் எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார். மற்ற ஊர் நிலையங்களிலும் சுமை ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். துண்டு இல்லாத ஊரில் தொப்பியை எடுத்தார்களாம். ஒப்பந்தக்காரர் கோபத்தில் கலியமூர்த்தி அண்ணனின் பாஸைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைத்தார். அண்ணனின் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவர் ரயிலில் வராத நாட்களில் என் எதிர் இருக்கை காலியாக இருந்தது. என்னால்தானே என்று நான் புழுங்கிப்போனேன். அவர் வீட்டுக்குப் போனேன். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பேசாம நிக்கிறதை விட்டுடலாமா அண்ணே?"

"நீ ஏறச் சொல்லி ரயில் ஏறினேனா? நானா ஏறினேன். வெளியில நின்னாலும் நான் நிப்பேன். நீ உள்ள உன் வேலையப் பாரு."

ஒப்பந்தக்காரர் சதாசிவம் சாரிடம் வந்து, மேஸ்திரிக்குப் பதில் வேறு ஆள் போட்டிருக்கிறேன், உயிர்ச் சரக்கை அவன் பார்த்துக்கொள்வான் என்றார். "பார்ப்போம்" என்றார் சார். புது ஆளைக் கூப்பிட்டு முயல் பெட்டி முன்னால் உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான். வெகுநேரம் கேட்டான். பிறகு எழுந்து வந்து, "சார், இதை நான் ஏத்தலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஆளும் அப்படியே. சார் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, காதை வைத்துக் கேட்க மட்டும் சொன்னார். சிவப்பு லேபிள் பெட்டிகள் வந்த வண்ணம் இருந்தன, ஏற்ற ஆள் இல்லை, பண்ணைக்காரர்கள் தலைமை அலுவலகத்தைத் திட்டினார்கள். ஒரே மாதத்தில் அண்ணனின் பாஸ் திரும்பி வந்தது.

ஆய்வுக்கூடச் சரக்கு எங்கள் கம்பெனிக்குப் பெரிய வியாபாரமே இல்லை. அதனால் வந்த தலைவலிதான் பெரிதாகிவிட்டது. பயணிகள் எழுதினார்கள், விமானிகள் எழுதினார்கள். மேலே இருந்தவர்களின் மனம் இளகியதா, இல்லை தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தார்களா என்று நித்யா கேட்பாள். இரண்டும்தான். எனக்கு இரண்டும் சம்மதம்.

சுற்றறிக்கை ஒரு காலை நேரத்தில் வந்தது. நித்யா காட்டிய அந்த ஒரு வரி. சதாசிவம் சார் அதைப் படித்தார், என்னிடம் கொடுத்தார், நான் கலியமூர்த்தி அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். யாரும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. ஏனென்றால் தெருவாசலில் அதே நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. முயல் பெட்டிகள். வழக்கமாக வரும் பண்ணை ஆள்.

சார் வழக்கம்போல் கைக்குட்டையை மடித்துப் போட்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாமே என்று நினைத்தேன். அவர் முழங்காலை ஊன்றி ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டார். துளைகளைப் பார்த்தார், தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார், காகிதங்களைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. எல்லாம் முறைப்படி இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா சார்? முத்திரை போட்டுடலாமா?" என்றார் பண்ணை ஆள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் சதாசிவம் சார். எழுந்து கைக்குட்டையை உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஏத்த மாட்டோம்."

பண்ணை ஆள் திகைத்துவிட்டார். என்னைப் பார்த்தார். சார் 'பார்ப்போம்' என்று சொல்வார் என்று அவர் காத்திருந்தார். நானும்தான் காத்திருந்தேன்.

"இல்லைங்க. இனிமே கிடையாது" என்றார் சார்.

அவ்வளவு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'இல்லை' அது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளித்துக்கொள்ளவில்லை.

பண்ணை ஆள் லாரியில் அனுப்பிக்கொள்கிறேன் என்று முறைத்தார். அனுப்பினாரா, பண்ணைக்கே திருப்பிக் கொண்டுபோனாரா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். எல்லா வாசலையும் நாங்கள் அடைத்துவிடவில்லை நித்யா, எங்கள் கொட்டகையின் ஒரு வாசலைத்தான் அடைத்தோம். மற்றதை அடைக்கிறவர்கள் அடைக்கட்டும். அந்தக் கவுன்ட்டர்க்காரர் மறுபடி வந்து காரணம் கேட்டால் இதைப் படிக்கக் கொடு.

கலியமூர்த்தி அண்ணன் முன்னால் வந்தார். பெட்டியைக் குனிந்து இரண்டு கையாலும், சாயாமல், சார் சொல்லிக்கொடுத்த இடத்தில் பிடித்துத் தூக்கினார். உயிரோடு உள்ளே வந்த ஒரு சிவப்பு லேபிள் பெட்டி, வந்த தெருவாசல் வழியாகவே உயிரோடு திரும்பிப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் குழு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வேனை நோக்கி நடந்தது. அத்தனை பேர் தலையிலும் துண்டு இருந்தது.